எழுமலைக் கடிதங்கள்

இருபத்திரண்டு வருஷம் நான் பார்த்த வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எழுமலையைச் சுற்றியுள்ள கிராமத்துப் பிள்ளைகள் தமிழில் எழுதும் கடிதங்களை ஆங்கிலத்துக்கு மாற்றுவேன். கடல் கடந்து அவர்களுக்கு வரும் கடிதங்களைத் தமிழுக்கு மாற்றுவேன். அது ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனத்தின் மதுரை அலுவலகம். அங்கே ஒரு குடும்பம் இங்கே ஒரு பிள்ளையின் படிப்புக்குப் பொறுப்பேற்கும். அவர்களை ஸ்பான்சர் என்போம். வருஷத்துக்குச் சில கடிதங்கள் போகும், சில வரும். நடுவில் நான் இருந்தேன்.

அலுவலகம் பைபாஸ் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், மாடியில் இருந்தது. எனக்குப் பின்பக்கத்துச் சிறிய அறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்க் குழாய்கள் தெரியும். அதனால் திறப்பதில்லை. களப் பணியாளர்கள் மாதம் ஒருமுறை கடிதக் கட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைப்பார்கள். எப்போதாவது நானும் அவர்களோடு ஊர்களுக்குப் போவதுண்டு. அங்கே என்னை 'லெட்டரக்கா' என்பார்கள்.

எனக்கு இந்த வேலை சுலபமாக வந்ததற்குக் காரணம் உண்டு. நான் செல்லூரில் பிறந்தவள். வீட்டில் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரிகளிடம் ஆங்கிலம். அம்மாவுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். ஆனால் உடம்புக்கு முடியாமல் போனால் எங்கள் மொழியில்தான் சொல்வாள். டாக்டரிடம் நான்தான் தமிழில் சொல்வேன். "எல்லாத்தையும் சொன்னியா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள். சொல்லிவிட்டதாகத் தலையாட்டுவேன். சில சமயம் டாக்டருக்கு நேரமில்லை என்று பாதியை விட்டிருப்பேன்.

கடித அறையின் சுவரில் ஆங்கிலத்தில் அடித்த ஒரு தாள் ஒட்டியிருந்தது. எதையெல்லாம் மொழிபெயர்க்கக் கூடாது என்ற பட்டியல். வீட்டில் குடி, அடிதடி, சாவு, பெரிய நோய், சாதிச் சண்டை, இவற்றை எழுதியிருந்தால் விட்டுவிட வேண்டும். எதையாவது வேண்டுமென்று கேட்டிருந்தால் விட்டுவிட வேண்டும். கடைசி வரி நல்ல செய்தியாக இருக்க வேண்டும்.

பட்டியலைக் கொடுத்தவர் எங்கள் மேலாளர். அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பாம்பு கடித்த ஒரு பையனைத் தன் பைக்கிலேயே முன்னால் வைத்துக்கொண்டு உசிலம்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவர். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பட்டியலைப் பற்றிக் கேட்டபோது பொறுமையாகச் சொன்னார்.

"அங்க இருக்கவங்கல்லாம் வயசானவங்கம்மா. இங்க நடக்குறதையெல்லாம் எழுதுனா பயந்துபோயி நிப்பாட்டிருவாங்க. நிப்பாட்டுனா யாருக்கு நட்டம்? அந்தப் பிள்ளைக்குத்தான."

எனக்கு அது சரியாகப் பட்டது. பிள்ளைகள் எழுதிய தமிழ்க் கடிதமும் என் ஆங்கிலத் தாளோடு சேர்ந்து போகும். அங்கே அதைப் படிக்க யார் இருக்கிறார்கள்? கையெழுத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள், அவ்வளவுதான்.

ஒரு புரட்டாசி மாதம் ஒரு பெண்ணின் கடிதம் வந்தது. பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். எழுத்து முத்துமுத்தாக இருக்கும். அடித்தல் திருத்தல் இருக்காது. அந்த முறை நான்கு வரிதான் எழுதியிருந்தாள். "எனக்கு எங்க மாமா வீட்டில் பேசி முடிச்சுட்டாங்க. தை மாசம் கல்யாணம். எனக்குப் படிக்கணும். நீங்க எங்க அப்பாவுக்கு ஒரு லெட்டர் போட்டா அப்பா கேப்பாங்க, சீக்கிரம் போடுங்க."

நான் அதை எடுத்துக்கொண்டு மேலாளரின் அறைக்குப் போனேன். படித்துவிட்டு மடித்து மேஜைமேல் வைத்தார்.

"இத அங்க எழுதாதம்மா. நான் போயி அவங்கப்பன்ட்ட பேசுறேன்."

பேசவும் செய்தார். அப்பா கையெடுத்துக் கும்பிட்டு, அப்படியெல்லாம் செய்யமாட்டேன் சார் என்று சொன்னாராம். அந்த நம்பிக்கையில் நான் கடிதத்தை மாற்றினேன். "எங்கள் வீட்டில் தை மாதம் ஒரு கல்யாணம் நடக்க இருக்கிறது. எனக்குப் படிப்பில் மிகவும் ஆசை. எங்கள் அப்பாவைப் பற்றியும் உங்களுக்கு எழுத ஆசை." கல்யாணம் இருந்தது, படிப்பு இருந்தது, அப்பா இருந்தார். யாருக்குக் கல்யாணம் என்பது மட்டும் இல்லை. குழந்தைத் திருமணம் என்றால் புகார் சொல்ல அரசாங்கத்தின் போன் நம்பர் ஒன்று உண்டு. அது எனக்கு மனப்பாடம். நான் கூப்பிடவில்லை.

மார்கழியில் ஸ்பான்சர் தம்பதியிடமிருந்து ஒரு வாழ்த்து அட்டை வந்தது. உலர்ந்த நீலப்பூ ஒன்றை அதில் ஒட்டியிருந்தார்கள். உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு எங்கள் அன்பான வாழ்த்துகள் என்று எழுதியிருந்தது. அதையும் தமிழில் எழுதி, அட்டையோடு சேர்த்து அந்த மாதக் கட்டில் அனுப்பிவைத்தேன். தை முடிந்ததும் களப் பணியாளரின் அறிக்கை வந்தது. வேறு ஊர்க் கோயிலில் வைத்துக் கல்யாணத்தை முடித்துவிட்டார்கள். மாணவி பள்ளிக்கு வருவதில்லை, திட்டத்திலிருந்து நீக்கம்.

அவளுடைய கோப்பு இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டுக்குப் போனது. நான் அடுத்த கடிதத்தை எடுத்தேன்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஆளும் குறைந்துகொண்டே வந்தார்கள். அப்பா முன்பே போய்விட்டார். கொரோனாவுக்கு அடுத்த வருஷம் அம்மாவும் போனாள். தம்பி பெங்களூரில் இருக்கிறான். போனில் தமிழில்தான் பேசுவான், அவன் பிள்ளைகள் ஆங்கிலத்தில். செல்லூர் வீட்டைக் காலி செய்துவிட்டு ஆனையூரில் ஒரு சின்ன வாடகை வீட்டுக்கு வந்தேன். சில நாள் கழித்துத்தான் உறைத்தது, என் தாய்மொழியில் ஒரு வார்த்தை பேசி மாதக்கணக்காகிவிட்டது. சமைக்கும்போது சட்டி சுட்டுவிட்டால் வாயில் வருவது அந்த மொழிதான். அதைக் கேட்க வீட்டில் ஆள் இல்லை.

புது இயக்குநர் வந்தது அந்தச் சமயத்தில்தான்.

அப்போது எங்கள் துறை முழுவதுமே ஆட்டம் கண்டிருந்தது. வெளியிலிருந்து வரும் உதவி சுருங்கிக்கொண்டே வந்தது. வெளிநாட்டுப் பணம் வாங்க இங்கே அரசாங்கம் தரும் அனுமதி புதுப்பிக்கப்படுமா என்பதும் தெரியாது. பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு சிறிய தொண்டு நிறுவனம் ஒரு நாள் திடீரென்று பூட்டிக் கிடந்தது. எங்கள் அலுவலகத்தில் ஆளாளுக்கு ஒரு வதந்தி வைத்திருந்தார்கள். அந்த நேரத்தில் தெற்காசியாவுக்குப் பொறுப்பான இயக்குநராகத் தலைமையகம் அனுப்பிய அம்மாள் மதுரைக்கு வந்து மூன்று நாள் இருப்பதாகச் சொல்லி, கடைசியில் பல மாதங்கள் தங்கினார்.

கிழக்கு ஆப்பிரிக்காவில் ஓர் ஏரிக்கரை ஊர்க்காரர். அறுபதை நெருங்கும் வயது. உயரமானவர், மெதுவாக நடப்பார். முழங்கால் வலி. முதல் நாள் எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்துப் பேசினார். தெரிந்ததைச் சொன்னார். அலுவலகம் நீடிக்குமா என்று கேட்டபோது, "எனக்குத் தெரியாது. தெரிந்த அன்றே உங்களிடம் சொல்வேன்," என்றார். எங்களுக்கு வந்த அதிகாரிகளில் தெரியாது என்று சொன்ன முதல் ஆள் அவர்தான்.

மறுநாள் கடித அறைக்கு வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

"இன்று வந்ததில் ஒரு கடிதத்தை எனக்கு வாசித்துச் சொல்லுங்கள்," என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் ஒன்றை எடுத்து வழக்கப்படி ஆங்கிலத்தில் சொன்னேன். என் முகத்தையும் தாளையும் மாறிமாறிப் பார்த்தார்.

"பக்கம் நிறைய எழுதியிருக்கிறது. நீங்கள் ஐந்து வரி சொன்னீர்கள்."

நான் சுவரில் இருந்த பட்டியலைக் காட்டினேன். எழுந்துபோய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு வந்து உட்கார்ந்தார்.

"இப்போது முழுவதையும் சொல்லுங்கள்."

சொன்னேன். ஒரு பையன் தன் ஆடு தொலைந்ததைப் பற்றியும், தேடப் போன இடத்தில் தன் சாதியைச் சொல்லி விரட்டினார்கள் என்பதைப் பற்றியும் எழுதியிருந்தான். அவர் குறுக்கிடவில்லை. அடுத்த கடிதத்தையும் கேட்டார், அதற்கடுத்ததையும். அப்படி ஒரு வாரம் போனது. தினமும் காலையில் வருவார், உட்காருவார், கேட்பார். அந்த வாரக் கடைசியில், கேட்காமலேயே, நான் இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து அந்தக் கோப்பை எடுத்தேன். அவள் கடிதத்தின் நகல் அதில் இருந்தது. அதை வாசித்தேன். பிறகு நான் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியதையும் வாசித்தேன். குரல் நடுங்காமல் வாசித்து முடித்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

அவர் என்னைத் திட்டவில்லை. சமாதானமும் சொல்லவில்லை. "அவள் இப்போது எங்கே?" என்றார்.

"தெரியாது."

"பட்டியலைப் போட்டது நாங்கள். உங்களிடம் கொடுத்ததும் நாங்கள். அது என் பொறுப்பு," என்றார். பிறகு, "நீங்கள் எழுதியது உங்கள் பொறுப்பு. அதை நான் எடுத்துக்கொள்ள முடியாது," என்றார்.

இரண்டாவது சொன்னதுக்காகத்தான் அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது.

பட்டியலை அவரே கிழித்து எடுத்தார். அதன்பின் ஒவ்வொன்றாக மாறியது. பிள்ளைக்கு எழுத விருப்பமில்லையென்றால் எழுத வேண்டாம். எழுதினால் எழுதியது எழுதியபடியே போக வேண்டும். பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் அந்தக் கடிதம் எங்கள் மேஜையில் ஒரு நாள்கூடத் தங்கக் கூடாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலருக்கு அன்றே போக வேண்டும். தலைமையகத்துக்கு இது பிடிக்கவில்லை. கடிதங்கள் சோகமாக இருப்பதாக ஸ்பான்சர்கள் குறைபட்டுக்கொண்டார்கள். சிலர் நின்றுபோனார்கள். மேலாளர் பயந்தபடிதான் நடந்தது. ஆனால் அவர் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. சில ஸ்பான்சர்கள் முதல்முறையாக நீளமாக எழுத ஆரம்பித்தார்கள். ஒரு அம்மாள் தன் மகனின் குடிப்பழக்கத்தைப் பற்றி, பன்னிரண்டு வயதுப் பையனுக்கு எழுதியிருந்தார். அதையும் விடாமல் தமிழில் எழுதினேன்.

மேலாளரிடம் இயக்குநர் தனியாக உட்கார்ந்து பேசினார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அவரை வெளியே போகச் சொல்லவில்லை என்று மட்டும் தெரியும். இரண்டு வாரம் கழித்து அவரே ராஜினாமா கொடுத்தார். போகிற அன்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார், கடித அறைக்கு மட்டும் வரவில்லை.

அதன்பிறகு மதியம் சாப்பிடும்போது என் பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது. யாரும் சண்டை போடவில்லை. நான் போனால் பேச்சு வேறு பக்கம் திரும்பும், அவ்வளவுதான். கணக்குப் பிரிவில் இருந்த பெண், பல வருஷமாக என்னோடு குழம்பு மாற்றிக்கொண்டு சாப்பிட்டவள், ஒரு நாள் கைகழுவும் இடத்தில் மெதுவாகக் கேட்டாள்.

"பழசக் கிளறி இப்ப என்னக்கா கெடச்சுச்சு? நல்ல மனுசன் போயிட்டாரு."

அன்றிலிருந்து டிபன் பாக்ஸை என் அறையிலேயே திறந்தேன். முதல்முறையாக ஜன்னலையும் திறந்து வைத்துக்கொண்டேன்.

எழுமலைத் திட்டத்தையும் மதுரை அலுவலகத்தையும் மூடுவது என்று தலைமையகம் முடிவெடுத்த அன்று, சொன்னபடியே இயக்குநர் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். தன் பதவியும் அதோடு முடிகிறது என்பதையும் சொன்னார். குடும்பங்களுக்கு அனுப்ப ஒரு செய்தியைத் தலைமையகமே எழுதி அனுப்பியிருந்தது. அதைத் தமிழாக்கி வாட்ஸப்பில் போட்டால் போதும். நான் மொழிபெயர்த்து எடுத்துக்கொண்டு போனேன். வாங்கி வைத்துவிட்டு, "இதை நேரில் போய்ச் சொல்வோம். ஒவ்வொரு ஊருக்கும். நீங்கள் வருவீர்களா?" என்று கேட்டார்.

ஜீப்பில் போகும்போது செக்கானூரணி தாண்டி ஓரிடத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். அங்கேதான் அவர் தன்னைப் பற்றிச் சொன்னார். அவரும் சிறுவயதில் ஒரு ஸ்பான்சருக்குக் கடிதம் எழுதிய பிள்ளைதான்.

"மூன்று வருஷம் என் அம்மா நலமாக இருக்கிறாள் என்று எழுதினேன்," என்றார். "முதல் வருஷமே அம்மா இறந்துவிட்டாள். அதை எழுதினால் என் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று வாத்தியார் சொன்னார். அம்மா தோட்டத்தில் வேலை செய்கிறாள், அம்மா உங்களை விசாரித்தாள் என்று எழுதுவேன். எழுதி எழுதி, அவளுக்காக அழுவதற்கு எனக்கு நேரம் வரவே இல்லை."

டீ கிளாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினார். நானும் என் அம்மாவைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். ஏனோ சொல்லவில்லை.

ஒவ்வொரு ஊரிலும் பள்ளிக்கூடத்திலோ சமுதாயக் கூடத்திலோ ஜனங்கள் கூடுவார்கள். இயக்குநர் பிளாஸ்டிக் நாற்காலியை மறுத்துவிட்டுத் தரையில் உட்காரப் பார்ப்பார். முழங்கால் மடங்காது. பெண்கள் சிரித்துக்கொண்டே அவரை நாற்காலியில் தள்ளி உட்கார வைப்பார்கள். அவர் பேசுவார், நான் தமிழில் சொல்வேன். அவர் 'நான்' என்றால் நானும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பில் அதுதான் முறை.

"நாங்க இந்த வருசத்தோட போறோம். உங்களக் கேட்டு வரல, உங்களக் கேட்டுப் போகவும் இல்ல. அதுக்காக மன்னிப்புக் கேக்க வந்திருக்கேன்."

முன்வரிசையில் இருந்த ஒரு பெண் என்னைப் பார்த்துச் சொன்னாள். "நீ எதுக்குத்தா மன்னிப்புக் கேக்குற? அவுக கேக்கட்டும்."

"அவுக சொன்னதத்தான் சொல்றேன்."

"அவுக மொகத்துலயும் தெரியுது. ஒம் மொகத்துலயும் தெரியுதே."

அதை மொழிபெயர்க்கச் சொல்லி இயக்குநர் என்னைப் பார்த்தார். எழுதியது எழுதியபடி என்பது பேச்சுக்கும் பொருந்தும். சொன்னேன். அவர் தலையை மட்டும் அசைத்தார்.

அதற்குள் பின்னால் இருந்த ஒருவர் எழுந்துவிட்டார். கோபமாகத்தான் பேசினார். "இம்புட்டு வருசமா எங்க பிள்ளைகள வரிசையா நிக்க வச்சுப் போட்டோ பிடிச்சீக. வீட்டுக்குள்ள வந்து பாத்திரம் பண்டம் எம்புட்டு இருக்குன்னு எழுதிட்டுப் போனீக. இப்ப போறோம்ங்கிறீக. அந்தப் போட்டோவெல்லாம் எங்க இருக்கு? அதக் குடுத்துட்டுப் போங்க."

இயக்குநர் அதைக் குறித்துக்கொண்டார். நியாயமான கேள்வி, முடிந்ததைத் திருப்பித் தருவேன், முடியாதது எங்கே இருக்கிறது என்றாவது சொல்வேன் என்றார். அதைச் செய்யவும் செய்தார். அலுவலகம் மூடும் முன்பு ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் உறை போனது. உள்ளே அந்தப் பிள்ளையின் படங்களும் கடித நகல்களும். நகலெடுத்து அடுக்கி ஒட்டிய வேலை என்னுடையது. அந்த வாரங்களில்தான் கணக்குப் பிரிவுப் பெண் ஒரு நாள் வந்து, எதிரே உட்கார்ந்து உறைகளை ஒட்டிக் கொடுத்தாள்.

அந்த நான்கு வரிக் கடிதம் எழுதியவளைக் கண்டுபிடித்தது கடைசி ஊரில். அவள் இப்போது எழுமலையிலேயே, கடைவீதிக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறாள் என்று உறவுக்காரர் ஒருவர் சொன்னார். தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறாளாம். இயக்குநர் முதலில் ஆள் அனுப்பி, நாங்கள் வரலாமா என்று கேட்கச் சொன்னார். வாங்க என்று பதில் வந்தது.

நான் மனதில் வைத்திருந்தது பதினைந்து வயது முகம். கதவைத் திறந்தவள் கழுத்தில் இஞ்சு டேப்போடு, இருபத்தெட்டு வயதுப் பெண். ஒல்லியாக இருந்தாள். இரண்டு பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருந்தார்கள், கணவர் திருப்பூரில். பாய் விரித்தாள். இயக்குநருக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

"நீங்க லெட்டரக்காதான?" என்றாள் என்னைப் பார்த்து. "ஆளு அப்படியே இருக்கீக."

அன்று நான் மொழிபெயர்க்க வேண்டியதில்லை என்று இயக்குநர் முன்பே சொல்லியிருந்தார். நீங்கள் பேசுங்கள், எனக்குப் பிறகு சொன்னால் போதும் என்று. வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. நேராகச் சொன்னேன்.

"நீ எழுதுன கடைசி லெட்டர நான் மாத்தி எழுதிட்டேன்மா. ஒனக்குக் கல்யாணம்ங்கிறத எழுதல. வீட்டுல ஒரு கல்யாணம்னு எழுதிட்டேன். அவங்களுக்கு விஷயமே தெரியாது."

அவள் தைத்துக்கொண்டிருந்த துணியை மடியில் வைத்து நீவிக்கொண்டே இருந்தாள்.

"அந்தப் பூ ஒட்டுன கார்டு வந்துச்சுக்கா," என்றாள். "கல்யாணத்துக்கு வாழ்த்துகள்னு உங்க கையெழுத்துல இருந்துச்சு. நான் என்ன நெனச்சேன் தெரியுமா? அவுகளுக்கும் இதுல சம்மதம்தான்னு நெனச்சேன். எல்லாருக்கும் சம்மதம், நமக்கு மட்டும்தான் இல்லபோலன்னு. அதுக்கப்பறம்தான் நான் அழுகுறத நிப்பாட்டுனேன்."

பதின்மூன்று வருஷமாக நான் நினைத்து வருந்தியது அவளிடமிருந்து அங்கே போன கடிதத்தைத்தான். அங்கிருந்து அவளுக்கு வந்த அட்டை என்ன செய்திருக்கும் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. அதை நான் ஒரு எழுத்துகூட மாற்றாமல்தான் மொழிபெயர்த்திருந்தேன்.

இயக்குநர் என் கையைத் தொட்டார். அவள் சொன்னதை அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். பாதியில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். அவர் காத்திருந்தார். முடித்தேன்.

"உனக்கு என்ன செய்யவேண்டும் என்று கேளுங்கள்," என்றார். "எங்களால் முடியாததாக இருந்தாலும் சொல்லச் சொல்லுங்கள்."

அவள் யோசித்தாள். "ஒண்ணும் வேணாம். அவுகளுக்கு மட்டும் உள்ளத எழுதிருங்க. நான் சந்தோசமா கல்யாணம் பண்ணிட்டுப் போனேன்னு யாரும் எங்கயும் நெனச்சுக்கிட்டு இருக்கக் கூடாது."

பிறகு காபி போட எழுந்தாள். வேண்டாம் என்றோம். "வந்தவுக சும்மா போவீகளா," என்று போட்டுக்கொண்டுவந்து கொடுத்தாள். என்னை மன்னித்தாளா என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் சரியென்றிருப்பாள், வந்தவர்களிடம் வேறு என்ன சொல்ல முடியும். அந்தப் பாரத்தையும் அவள்மேல் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்றிரவே வேண்டாம், நிதானமாகச் செய்யுங்கள் என்று இயக்குநர் சொல்லியிருந்ததால் ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். அவளுடைய நான்கு வரியையும் ஆங்கிலத்தில் எழுதினேன். அதன்கீழ், முன்பு அனுப்பியதில் நான் மாற்றியது என்ன என்பதையும், மொழிபெயர்ப்பாளர் என்று போட்டு என் பெயரையும் எழுதினேன். இயக்குநர் தனியாக ஒரு கடிதம் வைத்தார்.

பதில் அலுவலகம் மூடுவதற்குச் சில நாள் முன்பு வந்தது. ஸ்பான்சர் தம்பதியில் கணவர் எழுதியிருந்தார், நடுங்கும் எழுத்தில். மனைவிக்கு இப்போது நினைவு தவறிவிட்டது, அவளிடம் இதைச் சொல்லப்போவதில்லை என்றார். அவள் கடைசியாக எழுதிய அந்தத் தமிழ்க் கடிதத்தின் கையெழுத்து அழகாக இருந்ததால் சட்டம் போட்டுச் சமையலறையில் மாட்டியிருந்தார்களாம். தினமும் அதன் எதிரே உட்கார்ந்துதான் காலைச் சாப்பாடு. இப்போது கழற்றி எடுத்துவிட்டதாக எழுதியிருந்தார். கடைசியில் ஒரு கேள்வி: அப்போது அவளுக்கு வயது என்ன?

பதினைந்து என்று எழுதி அனுப்பினேன். அதற்குப் பதில் வரவில்லை. அவர் கடிதத்தைத் தமிழாக்கி எழுமலைக்கு அனுப்பினேன். அதற்கும் பதில் இல்லை. யாரும் எனக்குப் பதில் எழுதக் கடமைப்பட்டவர்கள் இல்லை.

இயக்குநர் ஊர் திரும்பிவிட்டார். கடிதங்களை வெட்டக் கூடாது என்ற விதியை நிறுவனம் மற்ற நாடுகளிலும் கொண்டுவந்திருப்பதாக எப்போதோ போனில் சொன்னார். சுற்றறிக்கையில் ஒரு பத்தியாம். மதுரை என்ற பெயர் அதில் இல்லை, இருக்கத் தேவையும் இல்லை என்றார். அவருக்கு வேறு வேலை கிடைக்கவில்லை. தோட்டம் போட்டிருக்கிறார். எப்போதாவது கூப்பிடுவார். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு வெறும் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, எங்கள் இருவருக்குமே தாய்மொழியில்லாத ஒன்றில் பேசிக்கொள்வோம். சமயத்தில் பேச ஒன்றும் இருக்காது. அவர் பக்கம் ஏதோ ஒரு பறவை கத்தும். கேட்டுக்கொண்டிருப்பேன்.

நான் இப்போது வீட்டிலிருந்தே நிலப் பத்திரங்கள், சான்றிதழ்கள் மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன். ஒரு வார்த்தை விட்டாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எனக்கு அது வசதியாக இருக்கிறது.

போன மாதம் ஆனையூர் பஸ் ஸ்டாப்பில் மேலாளரைப் பார்த்தேன். இளைத்திருந்தார், தலை முழுக்க நரைத்துவிட்டது. கையில் ஆஸ்பத்திரி ஃபைல் இருந்தது. என்னைப் பார்த்துவிட்டார், முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"நல்லாருக்கியாம்மா?"

"இருக்கேன் சார். நீங்க?"

"சுகர் ஏறிப்போச்சு." ஃபைலை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "அந்தப் பிள்ளைய நீங்க போயிப் பாத்தீகளாமே. எப்படி இருக்கு?"

"தையல் மெஷின் போட்டிருக்கா. ரெண்டு பிள்ளைக."

"அவங்கப்பன் எங்கிட்டச் சத்தியம் பண்ணுனான்மா," என்றார். "நான் இன்னொரு தடவ போயிருக்கணும். தையில போயிப் பாத்திருக்கணும். அந்த மாசம் ஆடிட்டு, ஆளுக வந்துட்டாங்க. போகல."

"நானும் போன் பண்ணியிருக்கணும் சார்."

வெயில் ஏறியிருந்தது. அவருடைய பஸ் வந்ததும் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு, "வாரேம்மா," என்று ஏறினார். கூட்டமாக இருந்தது. உட்கார இடம் கிடைத்ததா என்று வெளியிலிருந்து ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். கிடைத்திருந்தது. பஸ் திரும்பும்வரை நின்றுவிட்டு, வீட்டுக்கு நடந்தேன்.